பூச்சி வரும் வழி: உருளைக்கிழங்கு வயலும் ஊடுபயிரும்



நீலகிரி மலைப்பகுதியில் எந்த விவசாயிகள் பயிற்சிக்குப் போனாலும் ஒரு கேள்வி தவறாமல் வரும். "கிழங்குக்கு நடுவுல என்ன போட்டா பூச்சி அண்டாதுங்க?" கேட்பவர் ஒரு செடியின் பெயரை எதிர்பார்க்கிறார். பெயர் சொல்ல ஆட்களும் இருக்கிறார்கள். பூண்டு போடு என்பார் ஒருவர், சாமந்தி என்பார் இன்னொருவர், கடுகு, கொத்தமல்லி, புதினா என்று யூடியூபில் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. எனக்கோ பதிலுக்கு இரண்டு கேள்விகள் கேட்டுத்தான் பழக்கம். எந்தப் பூச்சி? அது உங்கள் வயலுக்கு எப்படி வந்து சேருகிறது? பறந்து வருகிறதா, நடந்து வருகிறதா, விதைக்கிழங்கு மூட்டையோடு வருகிறதா? கண்ணால் பார்த்து இறங்குகிறதா, வாசனை பிடித்து வருகிறதா? இவற்றுக்கு விடை தெரியாமல் ஊடுபயிரின் பெயரைச் சொல்வது, நோயைக் கேட்காமல் மாத்திரை கொடுப்பது போன்றது.

முதலில் பொதுவான கணக்கு ஒன்றைப் பார்த்துவிடலாம். அமெரிக்கப் பூச்சியியலாளர் டேவிட் ஆண்டோ 1991-இல் ஒரு பெரிய மீளாய்வை வெளியிட்டார். அதுவரை நடந்த கலப்புப் பயிர் ஆய்வுகளைத் திரட்டி, 287 வகைப் பூச்சிகள் தனிப்பயிரில் எப்படி இருந்தன, கலப்புப் பயிரில் எப்படி இருந்தன என்று ஒப்பிட்டார். 52 விழுக்காடு பூச்சிகள் கலப்புப் பயிரில் குறைந்தன. 15 விழுக்காடு கூடின. மிச்சம் ஒரே சீராக இல்லை, அல்லது மாறவே இல்லை. இயற்கை விவசாய மேடைகளில் அந்த 52-ஐ மட்டும் சொல்லிக் கைதட்டல் வாங்குவார்கள். என் கண் எப்போதும் அந்த 15-இன் மேல்தான். ஊடுபயிர் போட்டதாலேயே பெருகிய பூச்சிகள் அவை. யாருடைய வயல் அந்தக் கணக்கில் விழும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடிந்தால்தான் நமக்குப் பூச்சியியல் தெரியும் என்று அர்த்தம்.

ஓரளவுக்குச் சொல்லவும் முடியும். ஒரே குடும்பச் செடியை நம்பி வாழும் பூச்சி, கலப்புப் பயிரில் தன் செடியைத் தேடித் திண்டாடும். கண்டதைத் தின்னும் பூச்சிக்கு ஊடுபயிர் இன்னொரு பந்தி. ரிச்சர்ட் ரூட் 1973-இல் முன்வைத்த இரண்டு விளக்கங்கள் இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கின்றன. இரை ஓரிடத்தில் குவிந்திருந்தால் அதற்கே உரிய பூச்சி வந்து தங்கிப் பெருகும் என்பது ஒன்று. பலவகைச் செடிகள் இருக்கும் இடத்தில் பூச்சியின் எதிரிகளுக்கு உணவும் ஒதுங்க நிழலும் கிடைப்பதால் அவை கூடும் என்பது மற்றொன்று. இரண்டும் முட்டைக்கோஸ் குடும்பச் செடிகளில் பார்த்துச் சொன்னவை. உருளைக்கிழங்குக்கு வரும்போது கதை கொஞ்சம் திருகலாகிறது.

கிழங்கு அந்துப்பூச்சியிலிருந்து தொடங்குகிறேன். இந்தியாவுக்கு அது 1906-இல், இத்தாலியிலிருந்து பம்பாய் மாகாணத்துக்கு இறக்குமதியான விதைக்கிழங்கோடு வந்தது. பூர்வீகம் தென் அமெரிக்கா. கிழங்கும் அங்கிருந்துதான் வந்தது. செடி முதலில் ஊர் மாறியது, பூச்சி பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. சாம்பல் நிறத்தில் மெலிந்த சிறு அந்து அது. அந்தி சாய்ந்த பிறகுதான் நடமாட்டம். இலையின் அடிப்புறத்திலும் வெளியே தெரியும் கிழங்கின் கண்களிலும் முட்டை வைக்கும். இலையில் பொரித்த புழு மேல்தோலுக்கும் கீழ்தோலுக்கும் நடுவே புகுந்து பச்சையத்தைச் சுரண்டும். அதனால் விளைச்சல் பெரிதாகக் குறைவதில்லை. கிழங்குக்குள் புழு போய்விட்டால்தான் வினை. கிழங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். கண்ணோரத்தில் மிளகுத் தூளைப் பசையில் குழைத்து அப்பியதுபோல் கறுப்பாக ஏதோ ஒட்டியிருக்கும். அது புழுவின் எச்சம். அந்த இடத்தில் கத்தியை வைத்து அறுத்தால் தோலுக்கு அடியில் பழுப்பேறிய சுரங்கம் வளைந்து வளைந்து போகும். வயலில் அப்படி நாலு கிழங்கு இருந்தால் போதும். குவித்து வைத்த இடத்தில் இரண்டு தலைமுறை பெருகி, மண்டிக்கு மூட்டை போவதற்குள் குவியலே நாறிவிடும்.

இந்தப் பூச்சிக்கு ஊடுபயிர் உதவுமா? உதவும் என்று சான்று உண்டு. இந்தியாவில் லால் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், மிளகாய், வெங்காயம், பட்டாணி ஊடாக இருந்த இடங்களில் அந்துப்பூச்சித் தாக்குதல் குறைந்தது. மிளகாயை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அது கிழங்கின் குடும்பத்துச் செடி. இரண்டுக்கும் பொதுவான நோய்களும் பூச்சிகளும் ஏராளம். வெங்காயமும் பூண்டும் கவனிக்கத்தக்கவை. பன்னாட்டு உருளைக்கிழங்கு மையம் இந்தோனேசியாவில் நடத்திய சோதனைகளிலும் வெங்காயக் குடும்பப் பயிர்களை அருகில் வைத்தபோது கிழங்கின்மேல் அசுவினியும் தத்துப்பூச்சியும் குறைந்ததைப் பார்த்தார்கள்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஊடுபயிர்க் கட்டுரைகளில் அதைப் பெரிதாக எழுதுவதில்லை. கிழங்கு அந்துப்பூச்சிக்கு எதிரான முதல் ஆயுதம் மண். விதைக்கிழங்கை 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்ற வேண்டும். 60-ஆம் நாள் வாக்கில் நன்றாக மண் அணைக்க வேண்டும். பாரில் வெடிப்பு விழாமல் ஈரம் காக்க வேண்டும். வெடிப்பு இருந்தால் அந்து அதன் வழியே இறங்கிக் கிழங்கிலேயே முட்டை வைக்கும். இலையிலிருந்து இறங்கும் குட்டிப் புழுவும் அதே வெடிப்பில்தான் நுழையும். இப்போது யோசித்துப் பாருங்கள். பாருக்குப் பார் இடைவெளி 45 சென்டிமீட்டர். அந்தச் சாலில் பூண்டை ஊன்றிவிட்டால் 60-ஆம் நாள் கொத்தை எங்கே போடுவீர்கள்? மண்ணை எங்கிருந்து வெட்டி அணைப்பீர்கள்? பூண்டுச் செடி சாயுமே என்று கை தயங்கும், அணைப்பு அரைகுறையாகும், கிழங்கு வெளியே எட்டிப் பார்க்கும். வாசனையால் விரட்டியதைத் திறந்த மண் திரும்ப அழைத்துவிடும். அதனால் சாலுக்குச் சால் ஊடுபயிர் என்பதை இந்தப் பூச்சி இருக்கும் இடத்தில் நான் ஏற்பதில்லை. நாலைந்து பார் கிழங்கு, பிறகு ஒரு பாத்தி பூண்டு என்று பட்டை பட்டையாகப் போடலாம். மண் அணைக்கவும் வழி இருக்கும், கிழங்கு தோண்டும்போது பூண்டின் வேரும் அறாது.

அந்துப்பூச்சியின் எதிரிகளுக்கு வருவோம். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். கோப்பிடோசோமா கோலேரி என்று ஒரு குளவி. குளவி என்றதும் கொட்டுமோ என்று பயப்பட வேண்டாம், ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அதுவும் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. அந்துப்பூச்சியை அடக்குவதற்காகவே இந்தியா, ஆஸ்திரேலியா, தென் ஆப்பிரிக்கா என்று பல நாடுகளுக்கு அதைக் கொண்டுபோய் விட்டார்கள். அந்தின் முட்டைக்குள் இந்தக் குளவி தன் ஒற்றை முட்டையை வைக்கிறது. அந்தின் முட்டை பொரிக்கிறது, புழு வெளியே வருகிறது, எதுவும் நடக்காததுபோல் தின்று வளர்கிறது. உள்ளே அந்த ஒரே குளவிக் கரு பிரிந்து, பிரிந்தது மறுபடி பிரிந்து, பத்தாக இருபதாகப் பெருகுகிறது. கடைசியில் புழுவின் தோல் மட்டும் மிஞ்சும். உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், மெல்லிய தோல் வழியே உள்ளே சின்னச் சின்னக் கூண்டுப்புழுக்கள் அரிசி மூட்டைபோல் அடைந்து கிடப்பது தெரியும். ஒரு புழுவிலிருந்து நாற்பது குளவிகள் வரை வெளியே வரும். மாணவர்கள் இதை ஒருமுறையாவது பரிசோதனைக் கூடத்தில் பார்த்துவிட வேண்டும். படத்தில் பார்ப்பது போதாது.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். குளவி புகுந்த புழு வளர்ச்சி முடியும்வரை தின்றுகொண்டுதான் இருக்கும். ஆகவே இந்தத் தலைமுறையின் சேதத்தைக் குளவி தடுக்காது. பலன் அடுத்த தலைமுறையில்தான். குளவி விட்ட மறுவாரமே "சார், ஒண்ணும் குறையலையே" என்று வருபவர்களிடம் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

குளவிக்குத் தேன் வேண்டும். கிழங்கு வயலில் தேனுக்கு எங்கே போகும்? கிழங்குப் பூவில் தேன் கிடையாது. ஆகவே பூக்கும் ஊடுபயிர் வைத்தால் குளவியின் ஆயுள் கூடும், கூடுதல் முட்டைகளை அது தேடிப் பிடிக்கும். நினைக்கும்போது மிக அழகாக இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் பேகனும் கர்ரும் இதைச் சோதித்து 1998-இல் வெளியிட்டார்கள். கொத்தமல்லி முதலிய பூச்செடிகளின் அருகே குளவியின் வேலை கூடியது உண்மை. ஆனால் அதே பூக்களின் அருகே அந்துப்பூச்சிச் சேதமும் கூடியது. காரணம் எளிது. அந்தும் தேன் குடிக்கும் பூச்சிதான். நாம் விரித்த பந்தியில் போலீஸும் திருடனும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அத்துடன் அவர்கள் விட்டுவிடவில்லை. எந்தப் பூவின் தேன் குளவிக்கு உதவும், அந்துக்கு உதவாது என்று பூப்பூவாகப் பார்த்து அடுத்த ஆண்டே இன்னொரு கட்டுரை வெளியிட்டார்கள். பூவின் வாய் எவ்வளவு அகலம், தேன் எவ்வளவு ஆழத்தில், பூச்சியின் உடலும் உறிஞ்சுகுழலும் அதற்குள் எப்படிப் பொருந்தும் என்கிற கணக்கு அது. அப்படித் தேறியவற்றில் ஒன்று நாஸ்டர்ஷியம். ஊட்டிக்காரர்களுக்கு அதை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வட்ட இலையும் ஆரஞ்சுப் பூவுமாகச் சாலையோரச் சரிவெல்லாம் தானாகப் படர்ந்து கிடக்கிறது. விதைச் செலவு இல்லை. இத்தனை ஆண்டுகளாக அதைத் தோட்டச் செடி என்றே பார்த்துப் பழகிவிட்டோம். இந்தச் செடியின் நெருங்கிய உறவான மாஷ்வா என்கிற கிழங்குப் பயிரை ஆண்டீஸ் மலை உழவர்கள் தங்கள் நாட்டுக் கிழங்குகளோடு கலந்தே வைப்பார்கள். பூச்சி அண்டாது என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த நம்பிக்கையையும் ஆஸ்திரேலிய ஆய்வையும் ஒன்றென்று முடிச்சுப்போட நான் தயாரில்லை. ஒன்று விரட்டும் வாசனையைப் பற்றியது, மற்றது தேனைப் பற்றியது.

அடுத்து அசுவினி. இங்கே கணக்கு முற்றிலும் வேறு. தின்பதற்கு உருளைக்கிழங்கு வளர்ப்பவருக்கு அசுவினி பெரிய எதிரி இல்லை. விதைக்கிழங்கு வளர்ப்பவருக்கு அதுதான் எமன், ஏனென்றால் அது நச்சுயிரியைச் சுமந்து வருகிறது. அந்த நச்சுயிரிகளில் முக்கியமானவை இரண்டு, இரண்டும் அசுவினியிடம் நடந்துகொள்ளும் விதம் வேறு வேறு. இலைச்சுருள் நச்சுயிரியை வாங்க அசுவினி செடியின் சாறுக்குழாயில் மணிக்கணக்கில் உட்கார்ந்து குடிக்க வேண்டும். குடித்த நச்சுயிரி அதன் உடலுக்குள் சுற்றி எச்சில் சுரப்பிக்கு வந்து சேர இன்னும் நேரம் ஆகும். அதன் பிறகு ஆயுள் முழுக்கப் பரப்பும். ஒய் நச்சுயிரி அப்படியில்லை. அசுவினி இலையில் ஊசியைக் குத்திச் சில நொடி ருசி பார்த்தாலே ஊசிமுனையில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த செடியில் குத்திய மறு நொடி இறங்கிவிடும். ஒன்றிரண்டு குத்தலில் முனை சுத்தமாகியும் விடும்.

இந்த வித்தியாசத்தில்தான் மருந்தும் ஊடுபயிரும் இடம் மாறுகின்றன. இலைச்சுருளுக்கு ஊடுருவிப் பாயும் மருந்து பலன் தரும், அசுவினி நச்சுயிரியைப் பரப்புமுன் செத்துவிடும். ஒய் நச்சுயிரிக்கு மருந்து பெரும்பாலும் வீண். மருந்து அசுவினியைக் கொல்லச் சில நிமிடமாவது ஆகும், நோயை இறக்க அதற்குச் சில நொடி போதும். கொல்வதால் பயனில்லை, குத்தும் இடத்தை மாற்றினால் பயன் உண்டு. அசுவினி தூரத்திலிருந்து கிழங்குச் செடியை அடையாளம் கண்டு வருவதில்லை. பழுப்பு மண்ணுக்கும் பச்சை இலைக்கும் இடையே உள்ள நிற வேறுபாட்டைப் பார்த்து இறங்குகிறது. இறங்கிய பிறகு குத்திப் பார்த்துத்தான் இது நம் செடியா இல்லையா என்று தெரிந்துகொள்கிறது. அதனால்தான் வயலின் ஓரத்தில், வெறும் மண் முடிந்து பச்சை தொடங்கும் இடத்தில், அசுவினி அதிகம். அந்த ஓரத்தில் கிழங்கு இல்லாமல் வேறொரு பயிர் இருந்தால்? குத்துவது அதில்தான். ஊசிமுனை அங்கேயே சுத்தமாகிவிடும்.

அமெரிக்காவின் மினசோட்டா, வடக்கு டகோட்டா மாநிலங்களுக்கு இடையே ஓடும் ரெட் நதிப் பள்ளத்தாக்கு பெரிய விதைக்கிழங்குப் பகுதி. அங்கே டிஃபோன்சோவும் ராக்ஸ்டேல், ராட்கிளிஃப் முதலியவர்களும் சோயா, சோளம், கோதுமை ஆகியவற்றை வரப்புப் பயிராக வைத்துப் பார்த்தார்கள். 1996-இல் வெளிவந்த முடிவின்படி, தரிசு சூழ்ந்த கிழங்கைவிட வரப்புப் பயிர் சூழ்ந்த கிழங்கில் ஒய் நச்சுயிரி குறைவு. மூன்று பயிரில் எது என்பது பெரிய விஷயமாக இல்லை. பச்சையாக இருக்க வேண்டும், இடைவெளி இல்லாமல் கிழங்கை ஒட்டி இருக்க வேண்டும், அந்த நச்சுயிரி தொற்றாத பயிராக இருக்க வேண்டும், அவ்வளவே. அதே தர்க்கத்தில், ஜெர்மனியில் சௌக்கேயும் டோரிங்கும் கிழங்குப் பாரில் வைக்கோல் மூடாக்குப் போட்டு ஒய் நச்சுயிரி குறைந்ததை 2004-இல் காட்டினார்கள். அங்கே பூச்சியைக் குழப்ப இரண்டாவது பயிர்கூடத் தேவைப்படவில்லை. மண் நிறம் மறைந்தால் போதும். பச்சை அட்டையை நட்டு வைத்தால்கூடச் சில பூச்சிகள் ஏமாந்து அதில் இறங்கும் என்று இங்கிலாந்தில் ஃபிஞ்சும் காலியரும் கோஸ் வேர் ஈயை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். மூலிகை வாசனையில் மட்டுமே நம்பிக்கை வைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கடுகை வரப்பில் போடலாமா என்று கேட்பார்கள். விதைக்கிழங்கைச் சுற்றிக் கூடாது. கிழங்கில் நோய் பரப்புவதில் முதலிடம் வகிக்கும் பச்சைப் பீச் அசுவினிக்குக் கடுகுக் குடும்பமும் நல்ல இரை. மஞ்சள் பூவோ பறக்கும் அசுவினியைக் கூப்பிட்டு இறக்கும். ஓட்ஸ் நல்லது, கோதுமை நல்லது. ஆனால் கதிர் முற்றிக் காயத் தொடங்கினால் தானியத்தில் வாழும் அசுவினிகள் கூட்டமாகக் கிளம்பும். அவை கிழங்கில் குடியேறாவிட்டாலும் போகிற போக்கில் குத்திப் பார்த்து ஓரளவு நோய் பரப்பும். ஆகவே வரப்பு ஓட்ஸைப் பசுமையாக இருக்கும்போதே பகுதி பகுதியாக அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட வேண்டும். தீவனமும் ஆயிற்று.

வட இந்தியச் சமவெளியில் இதே அசுவினியைக் காலக் கணக்கால் வென்றார்கள். புஷ்கர்நாத் வகுத்த விதைப்பாத்தி முறை 1959-இல் வந்தது. அசுவினி குறைவாக உள்ள குளிர்காலத்தில் பயிர் வைத்து, நூறு கூட்டிலைக்கு இருபது அசுவினி என்ற அளவை எட்டுமுன் தண்டை வெட்டிவிடுவது அதன் சாரம். நீலகிரியில் அதற்கு வழியில்லை. இங்கே ஆண்டுக்கு மூன்று போகம். ஒரு வயலில் கிழங்கு தோண்டும்போது பக்கத்து வயலில் கிழங்கு முளைக்கிறது. அசுவினி இல்லாத மாதம் என்று ஒன்றை நாம் விட்டுவைக்கவில்லை. அதனால்தான் வரப்புப் பயிரின் தேவை சமவெளியைவிட இங்கே அதிகம் என்கிறேன்.

நடந்து வரும் பூச்சிகளின் கதை வேறு. அமெரிக்காவின் கொலராடோ வண்டு இந்தியாவில் இல்லை. நம் தாவரத் தொற்றுத் தடுப்புக்காரர்கள் அது வராமல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். 1824-இல் தாமஸ் சே அதற்குப் பெயரிட்டபோது அது காட்டுச் செடி தின்னும் சாதாரண வண்டு. 1859-இல் நெப்ராஸ்காவில் கிழங்குக்குத் தாவியது. 1874-இல் அட்லாண்டிக் கரையில் நின்றது. 1922-இல் பிரான்சின் போர்தோவில் கால் ஊன்றியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட மருந்துகளுக்கு எதிர்ப்புத் திறன் பெற்றுவிட்ட வண்டு அது. நெதர்லாந்தின் வாஹெனிங்கனில் தியரியும் விஸ்ஸரும் 1986-இல் செய்த சோதனை ஒன்று என்னைப் போன்றவர்களுக்குக் கொண்டாட்டமாக இருந்தது. காற்றுக் குழாயில் கிழங்கு இலையின் வாசனையை அனுப்பினால் பசித்த பெண் வண்டு காற்றை எதிர்த்து நேராக நடந்து வந்தது. அதே வாசனையோடு காட்டுத் தக்காளி அல்லது முட்டைக்கோஸ் வாசனையைக் கலந்ததும் திசை தெரியாமல் போனது. தனியாக அந்த வாசனைகள் வண்டை விரட்டவும் இல்லை. விரட்டாமலே மறைக்க முடியும் என்பதுதான் கண்டுபிடிப்பு.

ஆனால் குழாய் வேறு, வயல் வேறு. குளிர்காலத்தை மண்ணுக்குள் கழித்த வண்டு பழைய கிழங்கு வயலிலிருந்தும் ஓரத்துப் புதரிலிருந்தும் எழுந்து நடந்தே வருகிறது. நடந்து வருவதை வாசனையால் குழப்புவதைவிட வழியில் மறிப்பது சுலபம். ஓரத்தில் நாலு வரிசை கிழங்கையே முன்கூட்டி நட்டுப் பொறிப்பயிராக்குவது, பிளாஸ்டிக் விரித்த பள்ளம் வெட்டி விழ வைப்பது போன்றவை அங்கே எடுபட்டன. பெருவில் ஆண்டீஸ் கிழங்குக் கூன்வண்டுக்கு இறக்கை வேலை செய்யாது. பன்னாட்டு உருளைக்கிழங்கு மையத்தார் வயலைச் சுற்றி இடுப்புக்கும் கீழான உயரத்தில் பிளாஸ்டிக் தாளை வேலியாகக் கட்டினார்கள். மருந்துக்கு நிகராக வண்டு நின்றுபோனது. பறக்காத பூச்சிக்கு ஊடுபயிர் தேடி அலைவானேன்?

எந்த ஊடுபயிருக்கும் அசையாத கூட்டமும் ஒன்று உண்டு. வெட்டுப்புழுவும் வெள்ளைப் புழுவும் அதில் சேர்த்தி. இரவில் வந்து தூரோடு வெட்டும் வெட்டுப்புழுவுக்குக் கிழங்கும் ஒன்றுதான், பீன்ஸும் ஒன்றுதான், கோஸும் ஒன்றுதான். வேர் தின்னும் வெள்ளைப் புழுவுக்குக் கோடை மழைக்குப் பின் விளக்குப்பொறி, ஆழ உழவு, மக்காத தொழுவுரத்தைத் தவிர்ப்பது, இவைதான் வழி. பெருவின் கன்யெத்தே பள்ளத்தாக்கில் கிழங்கை வாட்டிய இலைத்துளைப்பான் ஈயையும் இதில் சேர்ப்பேன். பருத்தியில் கண்மண் தெரியாமல் மருந்தடித்து 1949-இல் நொடித்துப்போன பள்ளத்தாக்கு அது. பின்னாளில் கிழங்கு வந்தபோது அங்கேயே மறுபடி மருந்தடித்து, அந்த ஈயின் ஒட்டுண்ணிக் குளவிகளை ஒழித்து, ஈயைப் பெரும்பூச்சியாக்கினார்கள். அந்த ஈ பீன்ஸ், பட்டாணி, பீட்ரூட் என்று எல்லாவற்றிலும் முட்டையிடும். அங்கே கிழங்கு நடுவே பீன்ஸ் வைத்தால், ஆண்டோவின் அந்த 15 விழுக்காட்டில் நாமும் சேர்ந்துவிடுவோம்.

இந்த மலையில் பேசிவிட்டு நூற்புழுவைச் சொல்லாமல் போக முடியாது. அது பூச்சி இல்லை, என் துறையும் இல்லை. 1961-இல் ஊட்டி விஜயநகரம் பண்ணையில் ஜோன்ஸ் கண்டுபிடித்த முட்டைக்கூட்டு நூற்புழு, கிழங்கு வேரின் கசிவை உணர்ந்தால்தான் பெருமளவில் பொரிக்கிறது. ஊடுபயிர் வைத்த வயலிலும் கிழங்கு இருக்கிறதே, அந்தக் கசிவும் இருக்கும். நூற்புழுவுக்குத் தேவை பயிர்ச்சுழற்சி, எதிர்ப்புத் திறன் உள்ள குஃப்ரி சொர்ணா போன்ற ரகம், சுத்தமான விதை. பூச்சிக்கு ஊடுபயிர் வைத்தேன், நூற்புழுவும் போய்விடும் என்று கணக்குப் போடாதீர்கள்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் விவசாயிகள் முன் எதையும் சிபாரிசு செய்யக்கூடாது. ஊடுபயிர் பூச்சியைக் குறைத்தாலும் அதற்குச் சந்தையில் ஆள் இல்லாவிட்டால் இரண்டாம் ஆண்டு யாரும் வைக்க மாட்டார்கள். கென்யாவின் எம்பிட்டாவில் பன்னாட்டுப் பூச்சியியல் மையமும் இங்கிலாந்தின் ரோத்தாம்ஸ்டெட் நிலையமும் மக்காச்சோளத்துக்கு வகுத்த முறை பல்லாயிரம் உழவர்களிடம் போய்ச் சேர்ந்தது. நடுவே டெஸ்மோடியம் வைத்துத் தண்டுத்துளைப்பானை விரட்டி, ஓரத்தில் நேப்பியர் புல் வைத்து அங்கே இழுத்துவிடுவார்கள். நேப்பியரில் முட்டையிட்டால் புழு பெரும்பாலும் பிழைப்பதில்லை.  உழவர்கள் அந்த முறையை ஏற்றதற்குப் பூச்சி ஒரு காரணம் மட்டுமே. டெஸ்மோடியம் சுடுமல்லிக் களையையும் அடக்கியது, இரண்டும் மாட்டுக்குத் தீவனமாகிப் பாலாக மாறின. கிழங்குக்கு நாம் சொல்லும் எந்த ஊடுபயிருக்கும் இந்தத் தேர்வு உண்டு. பூண்டு தேறும். மேட்டுப்பாளையம் மண்டியில் ஊட்டிப் பூண்டுக்கு விதைக்கென்றே வடக்கிலிருந்து வந்து வாங்கும் வியாபாரிகள் இருக்கிறார்கள். ஆனால் பூண்டு விதைச் செலவு கனம், விலை ஏறி இறங்கும். வரப்பு ஓட்ஸ் மாடு வைத்திருப்பவருக்குத் தேறும். சாமந்தி பெரும்பாலும் தேறாது.

இனி பூச்சியியல் துறைக்கு ஒரு வேண்டுகோள். முதுநிலை மாணவர் ஒருவர் நாஸ்டர்ஷியத்தை எடுத்துக்கொள்ளலாம். நாஸ்டர்ஷியம் பட்டை உள்ள கிழங்கு வயல், கொத்தமல்லிப் பட்டை உள்ளது, எதுவும் இல்லாதது என்று மூன்று வைத்து, குளவி புகுந்த புழுக்களையும் துளைபட்ட கிழங்குகளையும் சேர்த்தே எண்ண வேண்டும். குளவியை மட்டும் எண்ணிவிட்டுக் கட்டுரை எழுதினால் ஆஸ்திரேலியர்கள் முதலில் கண்ட பாதிக் கதையோடு நின்றுவிடுவோம். கோடைப் போகம், இலையுதிர்காலப் போகம், பாசனப் போகம் மூன்றிலும் எண்ண வேண்டும், மழையில் அந்தின் நடமாட்டம் வேறு, வெயிலில் வேறு.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் விவசாயிகளுக்கும் ஒன்று. அடுத்த முறை தோண்டும்போது வயலின் ஓரத்தில் ஒரு கூடை கிழங்கு, நடுவில் ஒரு கூடை கிழங்கு தனித்தனியாக எடுங்கள். கண்ணோரத்தில் கறுப்பு எச்சம் உள்ளவற்றை எண்ணி நோட்டில் எழுதுங்கள். அந்த இடத்தில் மண் அணைப்பு சரியாக இருந்ததா, பாரில் வெடிப்பு இருந்ததா என்பதையும் எழுதுங்கள். ஓரத்திலும் நடுவிலும் ஒரே அளவு என்றால் உங்கள் பூச்சி வெளியிலிருந்து மட்டும் வரவில்லை, விதை மூட்டையிலும் தோண்டாமல் விட்ட பழைய கிழங்கிலும் அதைத் தேடுங்கள். ஓரத்தில் மட்டும் அதிகம் என்றால் வரப்பில் எதை வைப்பது என்று உட்கார்ந்து பேசலாம். குவித்து வைக்கும் கிழங்கின்மேல் உண்ணிச்செடித் தழையை இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புவதை மட்டும் எந்த எண்ணிக்கைக்கும் காத்திராமல் இன்றைக்கே செய்யலாம். கேள்விகளுக்கு அரைமணி நேரம் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார்கள். கேளுங்கள்.